சிவப்பு பிளாஸ்க் யாருடையது

படகு மாமாவின் பிரியாவிடைக்கு வாசிக்க ஐந்து வரி எழுதித் தா என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். சுவிஸின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து, உயிரெழுத்து எழுதச் சொன்னால் ஆட்டுக்குட்டி கீறிக்கொண்டிருந்த நீங்கள், இன்றைக்கு வீட்டுக்கடன், முதுகுவலி என்று முப்பதை எட்டிப் பார்க்கிற ஆட்கள். உங்களில் பாதிப் பேருக்கு மாமா என்றால் செம்மஞ்சள் மேலங்கியும் இடுப்பில் கீச்சிடும் சின்னப் பெட்டியும்தான் ஞாபகம் இருக்கும். எனக்கும் அவ்வளவுதான் என்றால் ஐந்து வரியை அன்றைக்கே அனுப்பியிருப்பேன். எனக்கு ஒரு பிளாஸ்க் குறுக்கே நிற்கிறது. ஆகவே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லுசேர்ண் ஏரிக்கரையில் மீட்புப் படகு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. தச்சர், பாண் சுடுகிறவர், பள்ளி ஆசிரியை என்று பலர் தங்கள் வேலைக்கு நடுவே இடுப்புப் பெட்டி கீச்சிட்டதும் ஓடிப்போய்ப் படகில் ஏறுவார்கள். அவர்களுக்குள் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரேயொரு தமிழர் மாமாதான். அங்கிருந்துதான் இப்போது ஓய்வு பெறுகிறார். பிழைப்புக்கு ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் படுக்கைவிரிப்புத் தோய்த்தார். அதே ஹோட்டலின் சமையலறையில் என் அப்பா சலாட் வெட்டினார். அப்பாவுக்கு அவர் 'அண்ணை', அவருக்கு அப்பா 'தம்பி', எனக்கு அவர் மாமா.

பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டும்போது பெட்டி கீச்சிட்டால், மாமா கையிலிருந்த தட்டை அருகில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஓடுவார். தட்டை வாங்கியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். "ஊரிலை விட்ட தொழிலை இஞ்சை சும்மா செய்யிறார்" என்று ஒருவர் சொல்ல, பெரியவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சம்பளம் வாங்காமல் செய்கிறார் என்று புகழ்வதாக நினைத்தேன். மாமா கடற்கரை ஊர்க்காரர், எங்கள் அப்பா அம்மா தோட்டக்காணி உள்ள ஊர்க்காரர் என்பது தெரியும். அந்தச் சிரிப்புக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் என்ன தொடர்பு என்பது தெரியாது.

இன்னொன்றும் தெரியாமல் இருந்தது. மாமா வீட்டுக்கு எப்போது போனாலும், மாமி தேத்தண்ணி ஊற்றப் போகும் நேரம் பார்த்து அப்பா, "வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான்" என்பார். அம்மாவும் இப்போதுதான் குடித்திருப்பார். வீட்டிலிருந்து புறப்பட்டு பஸ் ஏறி வந்த ஒரு மணி நேரமும் அவர்களோடு நான்தான் இருந்தேன். எங்கே, எப்போது குடித்தார்கள் என்று யோசித்து யோசித்து, பெரியவர்கள் எனக்குத் தெரியாமல் எங்கோ தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். கெட்டிக்காரி என்று நினைப்பு.

2009இல் எனக்குப் பத்து வயது. அந்த வைகாசி உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். விடிந்தால் பொழுதுபட்டால் தொலைக்காட்சி. பிறகு ஒருநாள் அதை நிறுத்திவிட்டார்கள். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். போனால் தொடங்கும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வன்னியில் இருந்தார். நான் அவரை நேரில் கண்டதில்லை, போனில் குரல்தான் தெரியும். "சொக்லேட் சாப்பிட்டுப் பல்லுப் போட்டுதோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்தக் குரல் மாசியோடு நின்றுவிட்டது. பிறகு ஒருவர் போன் எடுத்து, சித்தப்பா செத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். இரண்டு கிழமையில் இன்னொருவர், அவரை முகாமில் உயிரோடு கண்டதாகச் சொன்னார். அப்பா முதலாமவரை நம்பினார். அம்மா இரண்டாமவரை நம்பினார். யாரை நம்புவதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவோடு இருக்கும்போது சித்தப்பா செத்துப்போனவர், அம்மாவோடு இருக்கும்போது முகாமில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு அப்பா தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்றார். அம்மா விடவில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் எள்ளு இறைக்கிறதோ? கோயிலிலை நாலு சனம் பாக்கச் செய்தியள் எண்டால், பேந்து அவன் வந்து நிண்டாலும் செத்தவன்தான்" என்றார். அமாவாசையன்று பின்னேரம், ஹோட்டலில் மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வில் வீட்டுக்கு வந்து, என்னை ஏரிக்குக் கூட்டிப்போவதாக அம்மாவிடம் சொன்னார். அவர் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது.

அப்பா வாடகைக்கு எடுத்தது பெடல் படகு. மஞ்சள் நிறச் சறுக்குமரம் பூட்டிய, பிள்ளைகள் விளையாடுகிற படகு. அதுதான் மலிவு, அதற்குத்தான் ஓட்டத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எனக்கு மிதவை அங்கி கட்டிவிட்டார்கள், பழைய ரப்பரும் யாருடையதோ வியர்வையும் மணத்தது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் அப்பா சட்டையைக் கழற்றி, தோளில் துண்டைப் போட்டு, விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டினார். பக்கத்துப் படகிலிருந்த சுற்றுலாக்காரர்கள் கைகாட்டிப் படம் எடுத்தார்கள். அப்பா சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு, ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போவோம் என்று மிதித்தார். அப்படித்தான் நாங்கள் அவ்வளவு தூரம் போனோம்.

கரையில் செம்மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியதை நான்தான் முதலில் கண்டேன். மாமா ஒருமுறை தமிழ்ப் பள்ளிக்கு வந்து அந்த விளக்கைப் பற்றிச் சொல்லித்தந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "மெள்ள மின்னினால் வானத்தைப் பார். கெதியா மின்னினால் பாக்க நேரமில்லை, கரைக்கு வா." எங்களை மேசையில் தட்டித் தட்டி இரண்டு வேகத்தையும் பழக வைத்தார்.

"அப்பா, புயல் விளக்கு மின்னுது."

"மெள்ளத்தானே மின்னுது."

"மாமா சொன்னவர், வானத்தைப் பாக்கச் சொல்லி."

அப்பா வானத்தைப் பார்க்கவில்லை. "மழை நாளைக்கும் வரும். அமாவாசை நாளைக்கு நிக்காது. எனக்கு அஞ்சு மணிக்கு வேலை" என்று பையைத் திறந்தார். விளக்கைவிட நாள்காட்டியை நம்பிய மனிதன் அந்த ஏரியில் அன்றைக்கு அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். தேதி பார்த்து, ஓய்வு நேரம் பார்த்து, அம்மாவின் கண்ணைப் பார்த்து, எல்லாம் பார்த்தவர் மலைக்குப் பின்னாலிருந்து வந்த கறுப்பை மட்டும் பார்க்கவில்லை.

காற்று ஒரேயடியாக அடித்தது. விளக்கு கெதியாக மின்னியது. படகு குறுக்காகத் திரும்ப, அலை சறுக்குமரத்தின் மேலாக வந்து எங்கள் மடியில் விழுந்தது. என் கால் பெடலுக்கு எட்டவில்லை. அப்பா மிதித்தார், மிதித்தும் கரை தள்ளிப் போனது. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு "தம்பி! தம்பி!" என்று கத்தினார். எங்கள் வீட்டில் பையன்கள் இல்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று விளங்காமல், என்னைத்தான் பெயர் மாறிக் கூப்பிடுகிறாராக்கும் என்று "என்னப்பா?" என்றேன்.

மீட்புப் படகு வந்தபோது மாமா முன்பக்கத்தில் நின்றார். லாண்டரி வெள்ளைக் காற்சட்டைக்கு மேலே செம்மஞ்சள் அங்கி. என் மிதவை அங்கியின் பின்பட்டியில் பிடித்து என்னை ஒரு தலையணையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். பிறகு அப்பாவை. அப்பா ஏறும்போதும் பையை விடவில்லை. மாமா அதைப் பார்த்தார்.

"என்ன தம்பி அது?"

அப்பா பையைக் காட்டினார். எள்ளு, பச்சையரிசி, நனைந்த தர்ப்பை.

"ஆருக்கு?"

"தம்பிக்கு."

படகை ஓட்டியவர் மீசை வைத்த சுவிஸ்காரர். மாமா அவரிடம் ஏதோ சொன்னார். எனக்கு ஜெர்மன் மொழி விளங்கும், காற்றில் காது கேட்கவில்லை. மீசைக்காரர் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, படகின் மூக்கை அலைக்கு நேரே திருப்பிப் பிடித்தார். மாமா அப்பாவின் இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்தார். "கெதியா விடு தம்பி. நான் பிடிச்சிருக்கிறன்."

அப்பா குனிந்து எள்ளை ஏரியில் விட்டார். பாதி தண்ணீரில் விழுந்தது. பாதியைக் காற்று திருப்பி அடித்து மாமாவின் அங்கியில் ஒட்டிவிட்டது. மாமா அதைத் தட்டிவிடவில்லை.

திரும்பும்போது என்னை வெள்ளித்தாள் போன்ற ஒரு போர்வையில் சுற்றி, டீசல் மணக்கிற கயிற்றுப் பெட்டிமேல் இருத்தினார்கள். மாமா ஒரு சிவப்பு பிளாஸ்க் எடுத்தார். அடியில் நெளிந்த, கழுத்தில் வெள்ளை ஒட்டுப்பட்டி சுற்றி நிலையத்தின் எண் எழுதிய பிளாஸ்க். மூடியில் தேத்தண்ணி ஊற்றி அப்பாவிடம் நீட்டினார். இப்போது அப்பா, இப்பதான் குடிச்சனான் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். பல் மூடியில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. குடித்து முடித்து மூடியைத் திரும்ப நீட்டினார். மாமா திரும்ப ஊற்றினார். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. இஞ்சி, அளவுக்கு மிஞ்சிய சீனி. அதைப்போலத் தேத்தண்ணி நான் இன்னும் குடிக்கவில்லை.

பஸ் தரிப்பில் அப்பா என் தலையைத் துவட்டிவிட்டுச் சொன்னார். "அம்மாவிட்டைச் சொல்லாதை."

எதை என்று சொல்லவில்லை. படகையா, எள்ளையா, அங்கே அவர் அழுததையா? நான் எல்லாவற்றையும் சேர்த்து ஒளித்தேன். ஆனால் வெள்ளிப் போர்வையை மட்டும் ஆசையில் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன், அது புரளப் புரளச் சத்தம் போட்டது. அம்மா வந்து இழுத்து எடுத்தார். பிறகு சமையலறையில் எல்லாம் வெளியே வந்தது, படகு, புயல், எள்ளு. "பிள்ளையையும் கொண்டுபோய்..." என்று அம்மா அழுதார். "அவனை நீங்களே முடிச்சுப்போட்டியள்" என்றும் அழுதார். இரண்டில் எதற்கு அதிகம் அழுதார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒளிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்று மட்டும் நினைத்தேன்.

அந்த இடத்தில்தான் பிழைவிட்டேன்.

ஐப்பசியில் மாமா குடும்பம் புது வீட்டுக்கு மாறியது. பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். மின்னடுப்பில் பால் பொங்க வழியில்லாமல் கடைசியில் ஒருபாடாகப் பொங்க, கூரையிலிருந்த புகைக்கருவி கத்த, மாமா கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். எல்லாரும் சிரித்தோம். எங்கள் 'ஆட்கள்' மூன்று குடும்பம் வந்திருந்தது. மூன்றும் கதவுப்பக்கமாக நின்றன. மாமி பொங்கிய பாலில் தேத்தண்ணி போட்டுத் தட்டில் கொண்டுவந்தார், முதலில் அப்பாவிடம்.

"வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான்."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஏரியில் நடந்ததற்குப் பிறகு இது முடிந்துபோன சங்கதி என்று நினைத்திருந்தேன். அப்பா வெட்கப்படுகிறார், உதவி செய்வோம் என்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "அப்பா, நீங்கள் மாமான்ரை படகிலை குடிச்சனீங்கள்தானே? ரெண்டுதரம் குடிச்சனீங்கள்!"

புகைக்கருவி நின்றிருந்தது. கதவருகில் நின்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மாவின் கை என் தோளில் இறுகியது. அப்பா தட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அவர் முகத்தில் அலை அடித்த அன்றைய நிறம் வந்திருந்தது.

மாமா கதிரையிலிருந்து இறங்கினார். சிரித்துக்கொண்டு என் கன்னத்தில் தட்டினார். "பிள்ளை பயத்திலை மாறி நினைச்சுப்போட்டுது. அது அப்பான்ரை பிளாஸ்க். உங்கடை வீட்டுத் தேத்தண்ணி. நான் மூடியைத் திறந்து குடுத்தனான், அவ்வளவுதான்."

"இல்லை மாமா, உங்கடை நம்பர்..."

"அப்பான்ரை பிளாஸ்க் பிள்ளை" என்றார் மறுபடியும்.

மாமி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அடுத்த கிழமை எங்கள் வீட்டு அடுக்கில் ஒரு சிவப்பு பிளாஸ்க் இருந்தது. "இதுதானே அண்டைக்குக் கொண்டுபோனது" என்றார் அப்பா. நெளிவில்லை, ஒட்டுப்பட்டி இல்லை. ஆனாலும் அப்பா சொல்கிறார், மாமாவும் சொல்கிறார், பத்து வயதில் வேறு யாரைக் கேட்பது? நான் மாறி நினைத்துவிட்டேன் என்றே நம்பினேன். வருடக்கணக்காக நம்பினேன். எதையாவது உறுதியாகச் சொல்லப்போனால், பிள்ளைக்கு எல்லாம் குழப்பம் என்று வீட்டில் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இருபது வயதில் வீடு மாறும்போது அந்த பிளாஸ்க்கைத் திறந்தேன். உள்ளே கடையில் வைத்த மடித்த காகிதம் அப்படியே இருந்தது. ஒருநாளும் அதில் எதையும் ஊற்றவில்லை. நிலத்தில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் கேட்டேன், ஏன் அவர்கள் வீட்டில் நாங்கள் குடிப்பதில்லை? அம்மா துணி மடித்தபடி, "அவை வேறை ஆக்கள்" என்றார். மூன்று சொல்லில் சாதி என்பதைச் சொல்லாமலே சொல்லி முடித்துவிட்டு, சட்டைகளை எண்ணத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பாமேல் வந்தது, அம்மாமேல் வந்தது, உண்மையைச் சொன்னால் மாமாமேல்தான் அதிகம் வந்தது. ஏன் பொய் சொன்னார்? என்னை ஏன் பொய்க்காரி ஆக்கினார்?

அவரிடம் அதைக் கேட்கப் போய், வேறொன்றைக் கேட்டுவிட்டு வந்தேன். படகு நிலையத்துக்கு ஏன் போனீர்கள், கடல் பழக்கம் என்றதாலா? மாமா சிரித்தார். "எனக்குக் கடலெண்டால் பயம். எங்கடை அப்பா தபால் கந்தோரிலை கிளாக். நீச்சல் பழகினதே இஞ்சை, சின்னப்பிள்ளையளோடை நீச்சல் குளத்திலை. லாண்டரியிலை நிண்ட பெரியவர் நிலையத்திலை இருந்தவர். நீயும் வாறியோ எண்டு கேட்டார். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருசத்திலை, வாறியோ எண்டு ஒருத்தர் என்னைக் கேட்டது அதுதான் முதல்தரம். போனன்." எங்கள் பெரியவர்கள் அத்தனை வருடம் சிரித்த சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். பிளாஸ்க்கைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

போன மாரியில் அப்பா செத்துப்போனார். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சித்தப்பா என்ன ஆனார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சாம்பலை ஏரியில் கரைக்க மாமாதான் நிலையத்தில் அனுமதி கேட்டு, பழைய சின்னப் படகைக் கொண்டுவந்தார். அம்மாவும் நானும் ஏறினோம். காற்றே இல்லாத காலை. விளக்கு மின்னவில்லை. அன்றைக்கு எள்ளு விட்ட இடம் என்று மாமா ஒரு இடத்தில் எஞ்சினை நிறுத்தினார். அது சரியான இடமா என்று யாருக்குத் தெரியும், ஏரியில் அடையாளம் வைக்க முடியுமா? நான் குனிந்தபோது என் இடுப்புப் பட்டியை அவர் பிடித்துக்கொண்டதை உணர்ந்தேன்.

முடிந்ததும் மாமா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். சிவப்பு வெளிறி ரோசாவாகியிருந்தது. அடியில் அதே நெளிவு. கழுத்தில் ஒட்டுப்பட்டி, மஞ்சளாய்ப் போன அதே எண். மூடியில் ஊற்றி எனக்குத் தந்தார். இஞ்சி, அளவுக்கு மிஞ்சிய சீனி. பதினாறு வருடத்துக்குப் பிறகு, அன்றைக்கு நான் மாறி நினைக்கவில்லை என்று என் நாக்கு சொன்னது.

"மாமா, அண்டைக்கு அப்பா குடிச்சது இதிலைதானே?"

மாமா பிளாஸ்க்கைப் பார்த்தார். எண் எனக்குத் தெரியும்படி அவர் கையில்தான் இருந்தது. அப்பாவின் சாம்பல் இன்னும் படகோரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை. அது அப்பான்ரை பிளாஸ்க்."

எனக்கு அழுகை வந்தது. கோபமா, நன்றியா, வெட்கமா, இப்போதும் பிரித்துச் சொல்ல வரவில்லை. செத்த மனிதனை, யாருமில்லாத ஏரியில், இன்னும் இடுப்புப் பட்டியில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மா அதுவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வேணுமா என்று மாமா அவரிடம் கேட்கவே இல்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். மூடியை என்னிடமிருந்து வாங்கித் துடைக்கப் போனார்.

"ஓம், அது எங்கடை வீட்டு பிளாஸ்க்தான்" என்றார் அம்மா. கையை நீட்டினார். "எங்கடைதானே அண்ணை. எனக்கும் ஊத்துங்கோ."

மாமா ஊற்றினார். அம்மா குடித்தார். குடித்துவிட்டு, மூடியைத் திரும்ப நீட்டினார்.

இதில் எந்த ஐந்து வரியை அங்கே வாசிப்பது என்று நீங்களே சொல்லுங்கள். பிரியாவிடைக்கு அம்மாவும் வருகிறார்.